ஓபிஎஸ்ஸில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? என் பதில்: குரலை

கேள்வி: கோலாலம்பூரில் பிளாட் வீடு, என்விடியா கார்டு உள்ள சாதாரண கேமிங் லேப்டாப், வைஃபை. விளையாடுவதைப் பதிவு செய்யவும் தமிழில் பேசிக்கொண்டே யூடியூபில் நேரலை போடவும் ஆசை. திரையைப் பதிவு செய்யவும் நேரலை போடவும் உதவும் ஓபிஎஸ் (OBS) மென்பொருளைத் திறந்தால் கேம் கறுப்பாகத் தெரிகிறது, நூறு செட்டிங் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

அந்த நூற்றில் நீங்கள் தொட வேண்டியவை பத்துக்குள் அடங்கிவிடும். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், திறந்த மூல மென்பொருள், 2012 முதல் வளர்ந்து வருகிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், யாராவது பணம் கேட்டால் அது வேறு ஏதோ. முதன்முறை திறக்கும்போது வரும் தானியங்கி அமைப்பு உதவியை ஓட விடுங்கள், அது வைக்கும் எண்கள் தொடங்குவதற்குப் போதும்.

முதலில் கறுப்புத் திரை. கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும், பிராசஸருக்குள் ஒன்று, தனியாக என்விடியா ஒன்று. கேம் ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால் படம் வராது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்துவிட்டு மூடித் திறங்கள். இது கேமை மட்டும் பிடிக்கும் 'கேம் கேப்ச்சர்' சோர்ஸுக்கு (ஓபிஎஸ்ஸுக்குள் படமோ ஒலியோ வரும் வழிக்குத்தான் சோர்ஸ் என்று பெயர்). முழுத் திரையையும் பிடிக்கும் 'டிஸ்பிளே கேப்ச்சர்' வேண்டுமென்றால் அதே இடத்தில் தலைகீழாக 'பவர் சேவிங்' கொடுக்க வேண்டியிருக்கும். நான் எப்போதும் கேம் கேப்ச்சர்தான் சொல்வேன், லேப்டாப்பின் சுமையும் குறையும், வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அடுத்து என்கோடர். அவுட்புட் பகுதியில் எக்ஸ்264 என்று இருந்தால் பிராசஸர்தான் படத்தைச் சுருக்குகிறது, கேமுக்கும் அதே பிராசஸர்தான் வேண்டும், இரண்டும் முட்டிக்கொள்ளும். என்விடியா என்வென்க்குக்கு மாற்றுங்கள், அந்த வேலைக்கென்றே கார்டுக்குள் தனிப் பகுதி இருக்கிறது. நேரலைக்கு சிபிஆர் (பிட்ரேட் மாறாமல் ஒரே அளவில் போகும் முறை), கீஃபிரேம் (முழுசாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 வினாடி. படம் 720பி, 60 ஃபிரேம், பிட்ரேட் (வினாடிக்குப் போகும் டேட்டா அளவு) 4500 கேபிபிஎஸ், அதாவது 4.5 எம்பிபிஎஸ் போதும். 1080பி வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும், ஆனால் பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள், அந்தச் சின்னத் திரையில் தடங்கல் இல்லாத 720பி, விட்டு விட்டு வரும் 1080பியை எளிதாக வெல்லும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் குரலுக்குக் கொடுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள். நம் ஊர் பிளாட் அறைகள் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், மேலே வேகமாகச் சுற்றும் ஃபேன், வெளியே மோட்டார் சத்தம், ஹாலில் டிவியில் வானவில் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் மருந்து இல்லை, அது இன்னும் நுணுக்கமாக எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வரும். வாய்க்கு அருகில் இருக்கும் சாதாரண ஹெட்செட் மைக், மேசையின் மறுகோடியில் நிற்கும் விலை உயர்ந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். மைக்கை நேர் எதிரில் வைக்காமல் உதட்டின் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள், 'ப' 'ட' சொல்லும்போது காற்று அடிக்காது. மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் எதிரொலி பாதியாகிவிடும், எதிரொலியை எந்த ஃபில்டரும் முழுதாக எடுக்காது, அதனால் இதை அறையிலேயே தீர்க்க வேண்டும்.

அப்புறம் ஓபிஎஸ்ஸில் மைக்கின் ஃபில்டருக்குள் போய் நாய்ஸ் சப்ரஷன் சேருங்கள், அதில் ஆர்என்நாய்ஸ் என்ற வகை ஃபேன் சத்தம் போன்ற சீரான இரைச்சலை நன்றாகவே அடக்கும். அதன்பின் குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்பிரசர், கடைசியில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர். இந்த வரிசை முக்கியம், கம்பிரசரை முதலில் போட்டால் அது இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். நீங்கள் இயல்பாகப் பேசும்போது மீட்டர் மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும், கத்தினால்கூட சிவப்பின் உச்சியை முட்டக்கூடாது. கேம் சத்தம் உங்கள் குரலுக்குக் கீழே இருக்கட்டும்.

கேம் சத்தத்தை எடுக்க 'டெஸ்க்டாப் ஆடியோ' வேண்டாம், அணைத்துவிடுங்கள். 'அப்ளிகேஷன் ஆடியோ கேப்ச்சர்' என்று ஒரு சோர்ஸ் 28ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் இருக்கிறது, அதில் கேமை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் கேம் சத்தம் இரட்டையாகக் கேட்கும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓட விடலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம், யூடியூபின் பதிப்புரிமைச் சோதனை தமிழ்ப் பாட்டையும் பிடிக்கும், பக்கத்து அறை வானொலிப் பாட்டு மைக்கில் ஏறினாலும் சிக்கல் வரலாம். அதனாலும் கதவைச் சாத்துங்கள்.

பதிவு தனிக் கதை. எம்கேவி வடிவில் பதிவு செய்யுங்கள், சாதாரண எம்பி4 என்றால் நடுவில் கரண்ட் போனாலோ லேப்டாப் உறைந்தாலோ முழுக் கோப்பும் போய்விடும், எம்கேவியில் அதுவரை பதிவானது நிற்கும். பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் எம்பி4 ஆகிவிடும், தரம் குறையாது. ஒலியை வெவ்வேறு டிராக்குகளில் பிரித்து வையுங்கள், உங்கள் குரல் ஒன்றில், கேம் இன்னொன்றில், எடிட் செய்யும்போது கை கூப்புவீர்கள். பிட்ரேட் 6000 என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 2.7 ஜிபி, டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதே கணக்கு நேரலைக்கும் பொருந்தும், போன் ஹாட்ஸ்பாட்டில் போட நினைத்தால் டேட்டா எவ்வளவு கரையும் என்று இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இணையத்தில் டவுன்லோடு வேகத்தைப் பார்த்து மகிழாதீர்கள், நேரலைக்கு அப்லோடுதான். வீட்டில் எல்லாரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் சோதித்து, வரும் அப்லோடு எண்ணில் முக்கால் பங்குக்குக் கீழேயே பிட்ரேட்டை வையுங்கள். பிளாட்டில் சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சந்தைக்கடை மாதிரி நெரிசலாக இருக்கும். லோயாட் பிளாசா போனால் புது மைக், வளைய விளக்கு என்று கண் போகும், முதலில் ஒரு நீளமான லேன் கேபிள் வாங்குங்கள். கேபிள் இழுக்கவே முடியாத வீடென்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

நேரலை தடங்கினால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், நீங்கள் 'வியூ' மெனுவில் 'ஸ்டாட்ஸ்' திறந்து மூன்று எண்களைப் பாருங்கள். நெட்வொர்க்கால் விழுந்த ஃபிரேம்கள் ஏறினால் குற்றம் இணையத்தில், பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங் தாமதம் ஏறினால் என்கோடருக்கு மூச்சு வாங்குகிறது, என்கோடரின் பிரிசெட்டை (வேகமா தரமா என்று தீர்மானிக்கும் அமைப்பை) இலகுவாக்குங்கள். ரெண்டரிங் (படத்தை வரையும்) தாமதம் ஏறினால் கார்டை கேமே முழுசாக விழுங்கிவிட்டது என்று பொருள். கேமுக்குள் ஃபிரேமை 60க்குக் கட்டுப்படுத்துங்கள், ஓபிஎஸ்ஸை அட்மினாகத் திறங்கள், அப்போது கார்டில் அதற்கும் முன்னுரிமை கிடைக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பதில்தான் நிறைய பேர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம், ஏனென்றால் நம் ஊர்த் தமிழில் பேசிக்கொண்டே விளையாடும் குரல்கள் இன்னும் நிறைய வேண்டும். மலாயும் ஆங்கிலமும் கலந்து வருவதைத் திருத்தப் பார்க்காதீர்கள், அண்ணன் தம்பியோடு பேசுகிற மாதிரியே பேசுங்கள்.

யூடியூபில் நேரலை வசதியை இன்றே இயக்கிவிடுங்கள். போன் எண்ணைச் சரிபார்த்த பிறகும் முதல்முறை 24 மணி நேரம்வரை ஆகலாம். தனியாக நேரலை செய்ய 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் விதி மாறியிருக்கிறது, வீட்டில் தம்பி தங்கை சேர ஆசைப்பட்டால் கவனியுங்கள். ஓபிஎஸ்ஸை உங்கள் சேனலோடு இணைக்கும் ஸ்ட்ரீம் கீ உங்கள் கடவுச்சொல் மாதிரி, திரையில் தெரிய விடாதீர்கள், தெரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். முதல் நேரலையை 'அன்லிஸ்டெட்' என்று வைத்து, இணைப்பை நண்பர் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, அவர் போனில் ஹெட்போன் இல்லாமல் கேட்டுச் சொல்லட்டும். பார்க்கிறவர்களோடு பேச வேண்டுமென்றால் குறைந்த தாமதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரவு 9 என்றால் நமக்கு 11.30, மறுநாள் வேலை இருந்தால் கஷ்டம். சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம், அதனால் வார நாட்களில் இரவு 9க்குத் தொடங்கி இங்குள்ளவர்களுக்காகப் போடுங்கள், சனிக்கிழமை இரவு மட்டும் தாமதமாகத் தொடங்கினால் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஸ்டாட்ஸில் எந்த எண் ஏறுகிறது என்று கீழே எழுதுங்கள், கார்டு மாடலையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.