நரம்புத் துடிப்பும் கால்சியம் சேனலும்: வாசகர் கேள்விகள்

நரம்பு செல்லில் மின்துடிப்பு வருவது சேனலுக்கு எப்படித் தெரியும்?

கால்சியம் சேனல் என்பது செல்லின் சவ்வில் கால்சியத்துக்கு வாசலாக இருக்கும் புரதம். அந்தப் புரதத்திலேயே மின்னழுத்தத்தை உணரும் நான்கு பகுதிகள் உண்டு. அவற்றில் நேர்மின்னூட்டம் வரிசையாக அமைந்திருக்கிறது. ஓய்வில் செல்லின் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். அந்த இழுப்பில் அவை உள்நோக்கி நிற்கும், வாசல் மூடியிருக்கும். துடிப்பு வந்ததும் இழுப்பு தளர்ந்து அவை வெளிப்பக்கம் நகர, வாசல் திறக்கிறது.

அப்படியென்றால் துடிப்பின் உச்சத்தில்தானே கால்சியம் அதிகம் நுழையும்?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. ஆனாலும் உச்சத்தில் உட்புறம் நேர்மின்னாகிவிடுவதால், நேர்மின் அயனியான கால்சியத்தை உள்ளே இழுக்கும் விசை குறைந்துவிடுகிறது. துடிப்பு இறங்கும்போது விசை திரும்பக் கூடுகிறது. சேனல்களோ உடனே மூடுவதில்லை. ஒரு மில்லிசெகண்டுகூட நீடிக்காத அந்த இடைவெளியில்தான் பெரும்பகுதி கால்சியம் பாய்கிறது. கணவாயின் ராட்சத சினாப்ஸில், அதாவது நரம்பு செல்கள் சந்திக்கும் இணைப்பில், இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே வரும் கால்சியம்தான், அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிக்கடத்தியை வெளியேற வைக்கிறது. அதனால் துடிப்பு கொஞ்சம் அகன்றாலே, அதாவது கூடுதல் நேரம் நீடித்தாலே, விளைவு பெரிது. தவளையின் நரம்பு-தசை இணைப்பில், வெளியே கால்சியம் குறைவாக இருக்கும் நிலையில் அதை இரு மடங்காக்கினால், வேதிக்கடத்தி வெளியாவது ஏறத்தாழ 16 மடங்காகிறது. நேர்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

செல் விடாமல் துடித்துக்கொண்டிருந்தால் சேனல் திறந்தே கிடக்குமா?

கிடக்காது. உள்ளே வந்த கால்சியமே வாசலைச் சாத்திவிடும். கால்சியம் சேனல்களில் ஒன்றான எல் வகைச் சேனலில் கால்மோடுலின் என்ற சிறு புரதம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியம் அதைப் பற்றியதும் சேனல் செயலிழக்கிறது. சோதனையில் கால்சியத்துக்குப் பதில் பேரியத்தைப் பாய்ச்சிப் பாருங்கள், மின்னோட்டம் சட்டென்று விழாமல் நெடுநேரம் நிற்கும்.

மின்னழுத்தம் மேலும் எதிர்மறையாகப் போனால் எல்லாச் சேனலும் ஓய்ந்துவிடும், சரிதானே?

அந்த நேரத்துக்கு மூடியிருக்கும், அவ்வளவுதான். டி வகை என்ற இன்னொரு வகைக் கால்சியம் சேனல்களுக்கு அதுதான் தயாராகும் நேரம். மைனஸ் 60 அருகே அவற்றில் பெரும்பாலானவை செயலிழந்திருக்கும். மைனஸ் 80 அருகே சற்று நேரம் இருந்தால் மீண்டு வரும். அப்புறம் சிறு தூண்டல் வந்தாலும் திறந்துகொள்ள, மூளையின் நடுப்பகுதியான தலாமஸில் உள்ள செல்கள் கொத்துக்கொத்தாகத் துடிக்கும். சில விநாடிகள் நினைவு தப்பி வெறித்து நிற்கும் வகை வலிப்பில் இந்தத் தாளத்துக்குப் பங்கு உண்டு. அதற்குத் தரப்படும் எத்தோசக்சிமைடு என்ற மருந்து இந்தச் சேனல்களைத்தான் அடக்குகிறது.