இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்?

கேள்வி: எனக்கு வயது 26. இது முதல் பிரசவம். இப்போது 31 வாரம். புகுந்த வீடு திருப்பூர். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் மாதாமாதம் காட்டி வந்தேன். வளைகாப்பு முடிந்து, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஊர் நர்ஸம்மா பார்த்தபோது ரத்த அழுத்தம் 146/94 இருந்தது. சிறுநீரில் புரதமும் இருக்கிறதாம். உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். ‘இல்லாதவர்கள் போகிற இடத்துக்கு நம் வீட்டுப் பெண் எதற்கு?’ என்கிறார் மாமியார். நகையை அடகு வைத்தாவது தனியாரில் பார்க்கலாம் என்கிறார் கணவர். அங்கே திட்டுவார்களே என்று அம்மாவுக்குப் பயம். எனக்குக் கால் வீக்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கே போனால் நல்லது?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்பு மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். நீங்களும் அன்று மாலையே மருத்துவமனைக்குப் போய்விட்டீர்கள். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை அது. ஆனால் இதே வாக்குவாதம் இப்போது எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நடந்துகொண்டிருக்கும் என்பதால், அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வந்தால் அதற்கு ப்ரீஎக்லாம்சியா என்று பெயர். முற்றினால் வலிப்பு வரும். பிரசவ ஜன்னி என்று நம் பாட்டிமார் நடுங்கியதில் இந்த வலிப்பும் அடக்கம். நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாக வேரூன்றாமல் போவதில் தொடங்கும் கோளாறு இது. பிறகு தாயின் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கும் ரத்தக்குழாய்களைப் பாதிக்கும். மாத்திரை அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும், நோயை எடுக்காது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகுதான் அது அடங்கத் தொடங்கும். எனவே உப்பில்லாத சோறு போட்டு உங்களை வாட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உப்பைக் குறைத்து இதைத் தடுக்க முடியாது.

‘வேறொன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை உடனே போனை எடுக்க வைத்தது. இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. கால் வீக்கம் பல கர்ப்பிணிகளுக்கு இருப்பதுதான். முகமும் கையும் திடீரென்று வீங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு போட்ட வளைகாப்பு வளையல்கள் மணிக்கட்டில் பதிந்து, இரண்டு வளையலுக்கு நடுவே சதை பிதுங்கியிருந்தது. ‘புள்ளைத்தாய்ச்சி சதை போட்டிருக்கிறாள்’ என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அழுத்தம் 170/110. வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தோம். விடாத தலைவலி, கண் மங்கல், பூச்சி பறப்பது போன்ற தோற்றம், வலது விலாவுக்குக் கீழே வலி, குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும், தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனையிலும், பிறகு சில ஆண்டுகள் தனியாரிலும் பிரசவம் பார்த்தவள் நான். இரண்டு இடத்திலும் தாய்மார்கள் பிழைத்து வீடு போனதையும் பார்த்திருக்கிறேன், இரண்டு இடத்திலும் அழுதிருக்கிறேன். அரசா தனியாரா என்று கேட்டுக்கொண்டிருப்பதில்தான் நேரம் போகிறது. உங்கள் நிலையில் உள்ள பெண்ணுக்குக் கேட்க வேண்டியது வேறு. இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் அந்தக் கட்டடத்துக்குள் மகப்பேறு டாக்டர் இருப்பாரா? மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் அங்கேயே கிடைக்குமா? தாய்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? 32 வாரத்தில், ஒன்றரைக் கிலோ எடையில் குழந்தை பிறந்தால் அதைப் பார்க்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவு உண்டா?

உங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ‘சீமாங்க்’ எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம் 24 மணி நேரமும் இயங்குவது இதற்காகத்தான். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி பழைய, மலிவான மருந்து. வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002-ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்விலேயே நிரூபணமாகிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு இரவு முழுவதும் பக்கத்தில் இருந்து மூச்சையும் சிறுநீரையும், முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பதையும் பார்க்க ஆள் வேண்டும். பளபளக்கும் தரையும் ஏ.சி. அறையும் அந்த வேலையைச் செய்யாது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் இத்தனை வசதியும் உண்டு. அங்கே போக வசதியிருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், குறைமாதக் குழந்தை எத்தனை வாரம் இருக்க வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கேளுங்கள். நகைப் பணம் பத்தாம் நாள் தீர்ந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சிறிய நர்சிங் ஹோமைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சிக்கலில்லாத பிரசவத்தை அழகாகப் பார்க்கிறார்கள். சிக்கல் என்று தெரிந்த பிறகும் கடைசி நிமிடம்வரை வைத்திருந்து, பிறகு அனுப்புவதுதான் உயிரை எடுக்கிறது. ஒருநாள் இரவு அப்படி ஒரு பெண்ணை எங்களிடம் கொண்டுவந்தார்கள். கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘மேல்சிகிச்சைக்காக’ என்ற ஒரே வார்த்தை. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, அழுத்தம் எவ்வளவு இருந்தது, ஒன்றும் இல்லை. கணவர் சட்டைப் பையில் இருந்த மருந்துக்கடை ரசீதைப் பார்த்துத்தான் என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டோம். அந்தத் தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

இது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் ஆறு மாதக் கணக்கும் திருப்பூர் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் நல்ல வழக்கம். ஆனால் வெற்றிலை பாக்கும் சீர்வரிசையும் கூடவே வருகின்றன, ஃபைல் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் உங்கள் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் இது பழைய ரத்த அழுத்தமா, கர்ப்பத்தால் வந்ததா என்று இங்குள்ள டாக்டர் முடிவு செய்ய முடியும். கணவர் நேரில் வரும்வரை காத்திருக்காமல், எல்லாப் பக்கங்களையும் இன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணைத் தாய் சேய் நல அட்டையின் மேலே பெரிதாக எழுதிவையுங்கள். தனியாரில் பிரசவித்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும்.

திட்டுவார்கள் என்ற பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். திட்டியவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் ஓடுகிற களைப்பு அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் உறவினர் இருக்க அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. அம்மாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மனம் நோகும்படி யாராவது பேசினால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாமியாரிடம் சண்டை வேண்டாம். மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் அவர் விரும்பும் மருத்துவமனையில் அவரையே கேட்டு வரச் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம், அரசில் 36 சதவீதம் அறுவைச் சிகிச்சை. இரண்டுமே அதிகம் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கோபத்தில் உங்கள் டாக்டர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு நாள் வரும் முன்பே வலி வர மருந்து வைக்கவோ, அறுவை செய்யவோ நேரலாம். ஏன் என்று கேளுங்கள். சொல்லும் காரணம் அழுத்தமும் ரத்தப் பரிசோதனையும் குழந்தையின் வளர்ச்சியும் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும், ஆறு வாரம் வரையிலும்கூட, வலிப்பு வரலாம். முதல் வாரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் நர்ஸம்மாவை வரச்சொல்லி அழுத்தம் பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த எண்ணை அட்டையில் எழுதிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.