செம்பியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

கேள்வி: எங்கள் வீட்டில் செம்பி என்று ஒரு பெண் நாய். நாலு வருஷத்துக்கு முன் மழையில் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்த குட்டி, நாட்டு நாய்தான். வீட்டுக்குள்ளேயே வளர்கிறாள். ராத்திரி என் மாமியார் கட்டிலுக்கு அடியில்தான் தூக்கம். மே 10-ஆம் தேதி ஒன்பது நாள் பயணமாக ரயிலில் டெல்லி, ஆக்ரா, ஹரித்வார் போகிறோம். அத்தைக்கு முட்டி வலி. "இந்த வயசுல எனக்கு எதுக்கு டெல்லி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஆனாலும் ஐந்து பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. செம்பியை என்ன செய்வது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. மொட்டை மாடியில் கட்டிவிட்டு, வேலைக்கு வரும் அக்காவை இரண்டு வேளை சோறு வைக்கச் சொல்லலாம் என்கிறார் கணவர். முசிறியில் கொழுந்தனார் தோப்பில் விடலாம் என்கிறார் அத்தை. அங்கே ஏற்கெனவே மூன்று நாய்கள் உண்டு. நாய்களைத் தங்கவைக்கும் ஓர் இடத்தில் விசாரித்தேன், ஒரு நாளைக்கு 600 ரூபாயாம். மாடியில் குடியிருக்கும் கல்லூரித் தம்பி, "நான் பாத்துக்கறேன்க்கா" என்கிறான். செம்பி அவனோடு நடக்கப் போவாள். எட்டாவது படிக்கும் என் மகளோ, செம்பி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று அழுகிறாள். என்ன செய்யட்டும்?
– வாசகி, உறையூர், திருச்சி

பதில்: முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், பாவம், அழுகிற பிள்ளை. ரயிலில் நாயைக் கூட வைத்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஏசி முதல் வகுப்பில், இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் அறையையோ முழுதாக நாமே எடுத்துக்கொண்டால்தான் முடியும். நீங்கள் போகிற ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ அனுமதி கிடையாது. மற்றவர்களுக்கு உள்ள ஒரே வழி, கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க் கூண்டு. மே மாத வெயிலில் ஆந்திராவையும் நாக்பூரையும் தாண்டி, ஒன்றரை நாளுக்கு மேல் ஒரு இரும்புக் கூண்டுக்குள் செம்பி கிடப்பதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் தாஜ்மகாலுக்குள் நாயை விடமாட்டார்கள். இவளைக் காவல் காக்க ஒருவர் ஓட்டல் அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் புரியும்.

அடுத்து உங்கள் கணவரின் மொட்டை மாடி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நீங்கள் கிளம்புவது கத்திரி வெயில் நடுவில். திருச்சி மொட்டை மாடியில் பதினொரு மணிக்கே கால் வைக்க முடியாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே நெருப்பாக இருந்தால் எவ்வளவு இரைத்தும் பிரயோஜனமில்லை. காலையில் வைத்த தண்ணீர் மத்தியானம் கொதிக்கும், இல்லாவிட்டால் சங்கிலி தட்டிக் கொட்டிப்போயிருக்கும். அக்கா சாயங்காலம் வந்து பார்ப்பதற்குள் வெப்பத் தாக்கத்தில் உயிரே போய்விடலாம். அவருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: நாயைக் குட்டைச் சங்கிலியில் வெகுநேரம் கட்டிப்போடுவதும், போதிய சோறு தண்ணீர் நிழல் தராமல் விடுவதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தைச் சொல்லிப் புருஷனை மடக்கச் சொல்லவில்லை. வெயிலைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

முசிறித் தோப்பு, கேட்க நன்றாக இருக்கிறது. நிழல் உண்டு, வாய்க்கால் உண்டு. ஆனால் அங்கே மூன்று நாய்கள் இருக்கிற இடத்தில் நாலாவதாக ஒரு பெண் நாய் போய் இறங்கினால் முதல் நாள் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட எனக்குப் பயம் வேறு. புது இடத்தில் விடப்பட்ட நாய் ஓடிப்போவதென்றால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே ஓடும், வீட்டைத் தேடிக்கொண்டு. தோப்புக்கு மதில் இருக்காது. நீங்கள் அப்போது ரயிலில் இருப்பீர்கள். கொழுந்தனார் பைக்கை எடுத்துக்கொண்டு தொட்டியம் வரைக்கும் தேடுவார். செம்பி கட்டிலுக்கு அடியில் தூங்கிப் பழகியவள், தோப்பு நாய் இல்லை.

ஆக, மிச்சம் இரண்டு: 600 ரூபாய் இடமும் மாடித் தம்பியும். இதைச் சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் மாமியார்.

"எனக்கு எதுக்கு டெல்லி" என்று ஒருவர் ஒரு தடவை சொன்னால் அது உபசாரம். சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றால் அவர் உண்மையிலேயே வர விரும்பாமல் இருக்கலாம். ஆக்ராக் கோட்டையில் ஏறி இறங்கி, ஹரித்வாரில் படித்துறைக்கு இறங்கி, முட்டி வலியோடு அவர் படப்போகும் பாட்டை யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? கேளுங்கள். ஆனால் நாய்ப் பேச்சை எடுக்காமல் கேளுங்கள். "செம்பியைப் பார்த்துக்க நீங்க இருந்துடுங்களேன் அத்தை" என்று ஆரம்பித்தீர்களோ, போச்சு. நாயைக் காக்க என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற பேச்சு உங்கள் பேரன் பேத்தி காலம் வரை ஓடும். "உங்களுக்கு நிஜமாவே வர இஷ்டமா, இல்ல எங்களுக்காக வர்றீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். கணவர் கேட்டால் இன்னும் நல்லது, அம்மாவிடம் மகன் கேட்பதாக இருக்கட்டும். வரவில்லை என்று அவராகச் சொன்னால் ஒரு டிக்கெட்டை ரத்து செய்யுங்கள், பிடித்தம் போக மீதி வரும். வருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

அவர் வீட்டில் இருந்தாலும் நாயை நடத்திக்கொண்டு போகிற வேலை அவருக்கு வேண்டாம். பூனையைப் பார்த்து செம்பி ஒரு இழு இழுத்தால் கீழே விழப்போவது அவர்தான். காலையும் சாயங்காலமும் நடத்துவது தம்பியின் பொறுப்பு, வீட்டுக்குள் துணை அத்தையின் பொறுப்பு. செம்பியைப் பொறுத்தவரை வழக்கமான கட்டில், வழக்கமான ஆள். வேறென்ன வேண்டும் அவளுக்கு?

அத்தையும் உங்களோடு பயணம் கிளம்பிவிட்டால் தம்பி ராத்திரி கீழே வந்து உங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். சோறு வைக்க மட்டும் ஆள் இருந்தால் போதாது, கூட இருக்க ஆள் வேண்டும். பகலில் வேலைக்கார அக்கா வந்து போகட்டும். ஆனால் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மே மாதம் அவனுக்கு லீவு இல்லையா? பரீட்சை முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்புகிற வயசு. "பாத்துக்கறேன்க்கா" என்று சொன்னபோது அவன் தேதியை யோசித்திருக்கமாட்டான். அவன் இருப்பான் என்பது உறுதியானால் பணம் பேசிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். நாய் ஹாஸ்டலுக்கு 5,400 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள், தெரிந்த பையன் என்பதற்காக ஆக்ராவிலிருந்து ஒரு டப்பா பேத்தா வாங்கிவந்து நீட்டினால் நியாயமில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் "நேத்து மறந்துட்டேன்க்கா" கொஞ்சம் குறையும்.

இரண்டும் நடக்கவில்லை என்றால்தான் அந்த 600 ரூபாய் இடம். நான் அப்படிப்பட்ட இடங்களுக்கு எதிரி இல்லை. நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் சூடுபட்டவன். பல வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு எங்கள் ஜிம்மியை ஆறு நாள் ஓர் இடத்தில் விட்டோம். முன்னறையைப் பார்த்தோம்: டைல்ஸ், ஃபேன், சுவரில் நாய்ப் படம். பின்னால் நாய்கள் தூங்குகிற கொட்டகையைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வந்தவனின் காது மடலுக்குள் உண்ணி, விரலிடுக்கில் உண்ணி. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஈறு வெளுத்துப்போயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உண்ணிக் காய்ச்சல் என்றார். பிழைத்துவிட்டான், ஆனால் ஒரு மாதம் மருந்து.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். நாய்கள் படுக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கேயே திரும்பிவிடலாம். ராத்திரி அங்கே மனிதர் யாராவது தங்குகிறார்களா, வாசலில் ஒரு கேட்டா இரண்டு கேட்டா (ஒன்று திறந்திருக்கும்போது நாய் பாய்ந்துவிட்டால்?), சண்டை போடுகிற நாயை எங்கே வைப்பார்கள் என்றெல்லாம் கேளுங்கள். இதையெல்லாம்விட ஒரு சோதனை உண்டு. நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள், அவர்கள் செம்பியின் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். நாய்களுக்கு ரத்தபேதி வரவழைக்கிற பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

எங்கே விட்டாலும் வெறிநாய்க்கடி ஊசி, பல நோய்க்குச் சேர்த்துப் போடுகிற ஊசி இரண்டும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். போட வேண்டியிருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் போடுங்கள், எதிர்ப்புச் சக்தி வர நாள் ஆகும். உண்ணிக்கு முதுகில் விடுகிற சொட்டு மருந்தா, மாத்திரையா என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவே இல்லை. செம்பிக்குக் கருத்தடை செய்தாயிற்றா? இல்லை என்றால் காலண்டரைப் பாருங்கள். பெண் நாய்க்குச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், மூன்று வாரம் போல இருக்கும். போன தடவை நவம்பரில் வந்ததென்றால் மே மாதம் சரியாக உங்கள் பயணத்தில் வந்து நிற்கும். அப்போது உறையூர் ஆண் நாய்கள் அத்தனையும் உங்கள் கேட்டில்தான். தம்பியால் சமாளிக்க முடியாது, போர்டிங்காரர்கள் பெரும்பாலும் சேர்க்கவும் மாட்டார்கள். அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள். தையல் ஆற பத்துப் பதினைந்து நாள் வேண்டும், கிளம்புகிற வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு சோறு, டாக்டர் நம்பர், தடுப்பூசி அட்டை இருக்கும் இடம், நீங்கள் போனை எடுக்காவிட்டால் முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் நம்பர். மருத்துவச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் பணமும் கொடுத்துவையுங்கள். தரக்கூடாதவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை, வெந்த எலும்பு. நம் வீடுகளில் நாய் கெடுவது பாசத்தால்தான். "பாவம், எல்லாரும் போய்ட்டாங்க" என்று அக்கா ஒரு கிண்ணம் பாயசம் வைப்பார், அதில் உலர்ந்த திராட்சை மிதக்கும். அது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. அப்புறம், தவறிப்போய் செம்பியின் பல் யார்மேலாவது பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நம்ம செம்பிதானே என்று மஞ்சள் தடவிக்கொண்டு உட்காரக்கூடாது. கழுத்துப் பட்டையில் உங்கள் நம்பரும் தம்பி நம்பரும் பொறித்த ஒரு தகடு தொங்கட்டும்.

முதல் நாள் அவள் சாப்பிடாமல் இருக்கலாம், கேட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். நல்ல ஆரோக்கியமான நாய் ஒரு நாள் சோற்றைத் தள்ளினால் பதற வேண்டாம், தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் நாளும் தொடர்ந்தால் டாக்டர். நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய புடவை ஒன்றை அவள் படுக்கிற இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். வீடியோ காலில் "செம்பீ... செல்லம்..." என்று கூப்பிடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம் என்றால் சில நாய்கள் வீடெல்லாம் தேடித் தவித்துப்போகும். தம்பியைத் தினம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், மகளுக்கு அது போதும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தஞ்சாவூருக்கோ வேறெங்கோ போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள், மே மாத ஏற்பாடு எதுவோ அதே ஏற்பாட்டில் செம்பியை விட்டுவிட்டு. அன்றைக்கு என்ன சொதப்புகிறது என்று தெரிந்துவிடும். சாவி யாரிடம் இருந்தது, தம்பி எத்தனை மணிக்கு எழுந்தான், செம்பி எங்கே படுத்தாள் என்று திரும்பி வந்ததும் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். நான் பந்தயம் கட்டுவேன், செம்பி தம்பியின் பாயில்தான் படுத்திருப்பாள். எதற்கும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.