தோட்டப் பாதைக் குழாய்ப் பாலம் தூர் வாரியும் திரும்பத் திரும்ப அடைக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: தோட்டத்து மண்பாதைக்கு அடியில் 2 அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழை வந்தாலே பாதிக் குழாய் மண்ணாகி, தண்ணீர் பாதை மேல் ஏறுகிறது. எப்படித் தூர் வாருவது?

பதில்: குழாய்க்குள் கை வைக்கும் முன் தண்ணீர் வெளியேறும் கீழ்வாயைப் பாருங்கள். அங்கே வாய்க்கால் மேடிட்டிருந்தால் உள்ளே எத்தனை முறை வாரினாலும் வீண்தான். கீழே தண்ணீர் முட்டி நின்றால் வேகம் குறையும், சுமந்து வந்த மணல் குழாய்க்குள்ளேயே இறங்கும். நொடிக்கு 2 முதல் 3 அடி வேகத்தில் ஓடினால்தான் மண் தங்காது.

அதனால் முதல் வேலை, கீழ்வாயிலிருந்து 30 முதல் 50 அடி வரை வாய்க்காலைக் குழாயின் அடிமட்டத்துக்கு, சீரான சரிவோடு வெட்டுவது. இதற்கு ஜேசிபி வைக்கலாம். ஆனால் குழாய் வாய்க்கு 3 அடி முன்பே நிறுத்திவிட்டு, மிச்சத்தை மண்வெட்டியால் எடுங்கள். பக்கெட் பட்டால் குழாயின் விளிம்பு தெறித்துவிடும். அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டாலோ அடுத்த வெள்ளம் அடிமண்ணை அரித்து, கடைசிக் குழாய் இறங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

அடுத்து குழாய். புரட்டாசியில், தண்ணீர் இல்லாதபோது செய்யுங்கள். மேல்வாயில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் மோட்டார் வைத்து இறைத்துவிடுங்கள். தேங்கிய நிலையில் அடைப்பு உடைந்தால் கீழ்வாயில் நிற்கும் ஆளை அடித்துக்கொண்டு போகும். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே ஆள் நுழையக் கூடாது. காற்றோட்டமில்லாத இடம், பாம்பும் தேளும் தங்கும் இடம். வெளியே வேலை செய்பவருக்கும் கம்பூட்ஸ், கையுறை வேண்டும். எலிக்காய்ச்சல் இந்தச் சேற்றில்தான் தொற்றும்.

மேல்வாயிலிருந்து குத்தித் தள்ளாதீர்கள், மண் இறுகி மூடிபோல் உட்கார்ந்துவிடும். கீழ்வாயிலிருந்தே ஆரம்பியுங்கள். 5 எச்பி மோட்டார், 2 அங்குல ஹோஸ், முனையில் வாயைக் குறுக்கும் 1 அங்குல ரெடியூசர். ஹோஸை நீள மூங்கிலில் கட்டி உள்ளே செலுத்தினால் பீய்ச்சும் தண்ணீர் மண்ணைக் கலக்கிக்கொண்டு உங்கள் பக்கமே திரும்பி வரும். மறுபக்கம் திறந்ததும் 1 அங்குலக் கறுப்புக் குழாயை நுழைத்து, அதில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி விட்டமுள்ள இரும்பு வாளியின் வாய்ப்பக்கம் ஒரு கயிறு, அடிப்பக்கம் ஒரு கயிறு. கீழ்வாயில் நிற்பவர் வாய்ப்பக்கக் கயிற்றை இழுத்தால் வாளி மண்ணை அள்ளிவரும், கொட்டியபின் மேல்வாயில் நிற்பவர் வெறும் வாளியைத் திரும்ப இழுப்பார். டிராக்டரில் கட்டி இழுக்கும் ஆசை வேண்டாம். வாளி இணைப்பில் சிக்கினால் கயிறு அறுந்து அடிக்கும், இல்லையேல் குழாய் நகரும்.

உங்கள் குழாய்கள் இரண்டரை மீட்டர் நீளமுள்ளவை என்றால், பாதி அடைப்பு சுமார் 37 கன அடி மண். ஈரத்தோடு ஒன்றரை டன்னைத் தாண்டும். அதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளேதான் வரும். வயலில் பரப்புவதானால் கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் வெட்டிய நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டு ஈரம் பட்டால் மறுபடி துளிர்க்கும். தனியே காயவைத்து எரித்துவிடுங்கள்.

குழாய் காலியானதும் கொத்தனாரின் டியூப் லெவலால் இரு வாய்களின் அடிமட்டத்தையும் அளங்கள். ஏழரை மீட்டருக்குக் கீழ்வாய் 7 செ.மீ. தாழ்ந்திருந்தால் நல்லது. 4 செ.மீ.க்கும் குறைவென்றால் தூர் வாரிப் பயனில்லை, குழாயைப் பெயர்த்துச் சரிவோடு மறுபடி போடுவதே மலிவு. அப்போது லோடு லாரி போகும் பாதையென்றால் என்பி3 வகைக் குழாயே (வாகனப் பாரம் தாங்கும் கம்பி வைத்த கான்கிரீட் குழாய்) கேளுங்கள். வாய்க்கால் புறம்போக்கு ஓடையானால் குழாயில் கை வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவு சரியாக இருந்தால் மேல்வாய்க்கு முன்னால் ஒரு மண்குழி போதும்: 5 அடி நீளம், 3 அடி அகலம், குழாய் மட்டத்துக்குக் கீழே 2 அடி ஆழம். மணல் அதில் விழும், பாதி நிரம்பும்போது அள்ளிவிட வேண்டும். தழை, பாலிதீன் வராமலிருக்க 4 முதல் 6 அங்குல இடைவெளியில் கம்பிகளைச் சாய்வாக நிறுத்துங்கள். கோழிவலை கட்டுகிறார்கள், ஒரே மழையில் அதுவே அணையாகிவிடும். மண் வருவது மேட்டு வரப்பு அரிப்பால் என்றால், சரிவுக்குக் குறுக்கே அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நடுங்கள். வெட்டிவேர் வேலிபோல் அடர்ந்து மண்ணைப் பிடிக்கும் வரை குழியை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பார்க்க வேண்டியிருக்கும்.