வைப்பர் தண்ணி வலுவில்லாமல் வடிகிறதா? மோட்டரை மாற்ற முன்

வணக்கம். 1996 கொரோலா காரில் கண்ணாடி கழுவும் தண்ணியை இறைக்கிற மோட்டரின் சத்தம் கேட்கிறது, ஆனால் தண்ணி கண்ணாடியில் ஏறாமல் பொனட்டிலேயே வடிகிறது, கராஜில் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

பொனட்டைத் திறந்து, தண்ணி பீய்ச்சும் மூக்குக்குப் போகிற இறப்பர் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடுங்கள். வீட்டில் யாரையாவது சுவிட்சை இழுக்கச் சொல்லுங்கள். பலமாகப் பாய்ந்தால் மோட்டரில் பிழையில்லை, மூக்குத்தான் அடைத்திருக்கிறது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறீர்கள், டாங்கிக்குக் கிணற்றுத் தண்ணிதானே விடுகிறீர்கள்? அது காயக் காய வெள்ளையாகப் படிந்து துளையை மூடிவிடும். மூக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் வினாகிரியில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்திவிடுங்கள். துளை பெருத்தால் வேகம் இன்னும் குறையும். குண்டூசியால் குத்திக் கெடுத்த ஆள் நான், அதனால் சொல்கிறேன்.

குழாயிலேயே தண்ணி சோம்பலாக வந்தால் வேறு கதை. பொனட் கீல் பக்கம் மடிகிற இடத்தில் பழைய இறப்பர் வெடித்துக் கசியும், தடவிப் பாருங்கள். அங்கே ஈரமில்லை என்றால் டாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் பாசியும் மணலும் சேர்ந்து மோட்டரின் வாயை அடைத்திருக்கும், சில மோட்டர்களில் அந்த இடத்தில் சின்ன வலையும் உண்டு. இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லை என்றால்தான் மோட்டர்.

அப்புறம், டாங்கி வெறுமையாக இருக்கும்போது சுவிட்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், மோட்டர் சூடாகிக் கெட்டுவிடும்.