ரோயிங் மெஷினில் இன்டர்வல்: நடுவில் எவ்வளவு ஓய்வு? கேள்வி பதில்

இன்டர்வல் பயிற்சி (வேகமாக இழுப்பது, ஓய்வு, மறுபடி வேகம் என்று மாறி மாறிச் செய்வது) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வேகத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன்; வந்ததில் முக்கால்வாசி ஓய்வைப் பற்றி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்க ஜிம்ல கோச் 8×500 மீட்டர் குடுத்து, நடுவுல மூணரை நிமிஷம் ஓய்வுன்னு எழுதியிருக்கார். எனக்கு ஒன்றரை நிமிஷத்துலயே மூச்சு சரியாகிடுது. மீதி நேரம் வீண்தானே?

மூச்சு அடங்குவது வேறு, தசை தயாராவது வேறு. வேகமாக இழுக்கும்போது தசைக்கு உடனடியாகக் கைகொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட். செலவானதில் பாதி, சுமார் அரை நிமிடத்தில் திரும்பிவிடும். அதனால்தான் சீக்கிரமே தெம்பு வந்த மாதிரி இருக்கிறது. ஏறக்குறைய முழுசாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 500-ஐயும் 2:00-ல் முடித்தால் எட்டுக்கும் சேர்த்து உழைப்பு 16 நிமிடம். இடையில் ஏழு ஓய்வு, மொத்தம் 24 நிமிடம் 30 விநாடி. இழுத்ததைவிட இழுக்காத நேரம்தான் அதிகம்! தப்பில்லை, அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. 2,000 மீட்டர் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள், எட்டு முறையும் பந்தய வேகத்தில் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும் என்பதற்காக விட்ட ஓய்வு.

ஒரு நிமிடமாகக் குறைத்தால் அதுவும் நல்ல பயிற்சிதான், ஆனால் இது இல்லை. மூன்றாவது, நாலாவதிலேயே வேகம் இறங்கும். நீங்கள் பழகுவது பந்தய வேகத்தை அல்ல, களைப்போடு ஓட்டுவதை. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓய்வு நேரம் அதிலிருந்து வரும். இன்னொன்று: ஒன்றரை நிமிடத்தில் எட்டாவது செட் வரை நிஜமாகவே தெம்பாக இருக்கிறது என்றால், இழுக்கும் வேகம் போதவில்லை.

ஓய்வுல சும்மா உட்காரணுமா, மெதுவா இழுத்துக்கிட்டே இருக்கணுமா?

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓய்வு என்றால் மெதுவாக இழுங்கள். அசைந்துகொண்டே இருந்தால் கடும் உழைப்பில் தசையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்த லாக்டேட் என்ற பொருள் வேகமாகக் குறையும், கால் ரத்தமும் இதயத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

'மெதுவாக' என்றால் எவ்வளவு என்பதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். கான்செப்ட்2 கம்பெனி ரோயிங் மெஷினின் மானிட்டரில் 2:00 பேஸ் (500 மீட்டருக்கு 2 நிமிடம்) என்பது 202 வாட். 2:45 என்பது 78 வாட். வேகம் கால்வாசி சொச்சம்தான் குறைந்தது, உழைப்போ பாதிக்கும் கீழே போய்விட்டது. வாட் என்பது வேகத்தின் மும்மடியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறி இறங்குவதால் இப்படி. ஆகவே 2:00-ல் செட் ஓட்டுகிறவர் ஓய்வில் 2:45, 3:00 என்று காட்டினால் வெட்கப்பட வேண்டாம். 2:20-ல் ஓட்டிவிட்டு 'ஆக்டிவ் ரிகவரி' என்கிறவர்களைப் பார்க்கிறேன். 128 வாட் ஓய்வில் சேராது.

15, 20 விநாடி ஸ்பிரின்ட் என்றால் கதை வேறு. அங்கே கிரியேட்டின் பாஸ்பேட் திரும்புவதுதான் முக்கியம். கைப்பிடியை வைத்துவிட்டு நிதானமாக மூச்சு விடுங்கள், போதும்.

நார்வே 4×4-ல ஓய்வு 3 நிமிஷம்தான். 8×500-ஐ விட அது கஷ்டமாச்சே, ஏன் ஓய்வு கம்மி?

நோக்கம் வேறு. அதில் நாலு முறை, ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் அதிகபட்ச இதயத் துடிப்பில் 85–95 சதவீதம், பிறகு 3 நிமிடம் 70 சதவீதம் அளவில் இயங்கிக்கொண்டே இருப்பது. துடிப்பு முழுசாக இறங்கிவிட்டால் அடுத்த 4 நிமிடத்தில் அதை மறுபடி மேலே ஏற்றவே பாதி நேரம் போய்விடும். அதனால் ஓய்வு குறைவு, வேகமும் குறைவு. 500-ஐ இழுக்கும் வேகத்தில் 4 நிமிடத்தை ஆரம்பித்தால் இரண்டாவதோடு இறங்கிவிடுவீர்கள்.

டபாட்டா ரோயிங்ல பண்ணலாமா மேடம்? 20 விநாடி இழுத்து 10 விநாடி ஓய்வு.

1996-ல் வந்த மூல ஆய்வு சைக்கிளில் நடந்தது. விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவு) எட்டும் உழைப்பில் 170 சதவீதத் தீவிரம், ஏழெட்டு செட்டில் ஆள் ஓய்ந்துவிட வேண்டும். ரோயரில் 10 விநாடியில் கைப்பிடியை வைத்து எடுக்கவே சரியாகிவிடும், களைத்த முதுகு வளையவும் ஆரம்பிக்கும். புதியவர்களுக்கு வேண்டாம். 30 விநாடி வேகம், 30 விநாடி மெதுவாக என்று செய்யுங்கள்.

கடைசி ரெண்டு செட்ல வேகம் விழுந்துடுது. ஓய்வைக் கூட்டவா, வேகத்தைக் குறைக்கவா?

வேகத்தைக் குறையுங்கள். ஓய்வை நிலையாக வைத்தால்தான் இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒப்பிட முடியும். ஒருவருடைய 8×500 இப்படி இருந்தது என்று வையுங்கள்: 1:52, 1:53, 1:55, 1:57, 1:59, 2:01, 2:02, 2:01. சராசரி 1:57.5. அடுத்த முறை அவர் முதல் ஏழு செட்டையும் 1:57.5-ல் ஓட்டிவிட்டு எட்டாவதை மட்டும் முடிந்தவரை இழுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த எட்டாவது 1:55-க்குக் கீழே வரும், சராசரியும் இறங்கும். அதன்பின் புது சராசரியே அடுத்த முறைக்கான வேகம். பீட் பிளான் என்ற ரோயிங் பயிற்சித் திட்டத்தைச் செய்கிறவர்களுக்கு இது பழக்கமான முறை.

ஓய்வை மானிட்டரிலேயே பதிந்துவிடுங்கள். கான்செப்ட்2-வின் பிஎம்5 மானிட்டரில் இன்டர்வல் அமைக்கும்போது ஓய்வு நேரத்தையும் கேட்கும். போன் ஸ்டாப்வாட்சை நம்பினால் ஒரு வாட்ஸ்அப் பார்ப்பதற்குள் மூன்றரை ஐந்தாகிவிடும். ஓய்வு முடிந்ததும் அடுத்த செட்டின் கடிகாரம் உங்களுக்காகக் காத்திருக்காது. 15 விநாடி மிச்சம் இருக்கும்போதே ஸ்ட்ராப்பை இறுக்கி, கைப்பிடியைப் பிடித்துவிடுங்கள்.

செட் முடிஞ்சதும் குனியாதே, கையைத் தலைக்கு மேல வைன்னு ட்ரெய்னர் திட்டறார்.

2019-ல் கல்லூரிப் பெண் கால்பந்து வீரர்களை வைத்து 4×4 ஓடவிட்டு இதைச் சோதித்தார்கள். முட்டியில் கை ஊன்றிக் குனிந்தபோதுதான் இதயத் துடிப்பு வேகமாக இறங்கியது. ட்ரெய்னரோடு சண்டை வேண்டாம். ரோயரில் உட்கார்ந்தபடியே முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள், அவர் கண்ணில் அவ்வளவாகப் படாது.

கடைசி செட் முடிச்சு எழுந்தா கண்ணு இருட்டுது.

சட்டென்று நிறுத்தி எழுந்தால் ரத்தம் காலில் தேங்கிவிடும். ஐந்து நிமிடமாவது மெதுவாக இழுத்துவிட்டு எழுந்திருங்கள். இருட்டினால் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். இழுக்கும்போதே தலைசுற்றல், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் அது ஓய்வுக் கணக்கு அல்ல. நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வயசு 52, பிபிக்கு மெட்டோப்ரொலால் சாப்பிடறேன். துடிப்பு 120-க்கு இறங்கினதும் அடுத்த செட்னு வாட்ச் பார்த்து ஓட்டலாமா?

வேண்டாம் சார். அது பீட்டா பிளாக்கர். துடிப்பையே ஏற விடாது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வாட்ச் 110 காட்டலாம். முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், நேரத்தையும் தாராளமாக விடுங்கள். இன்டர்வல் செய்யலாமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை நாள் இன்டர்வல்?

இரண்டு, நடுவில் குறைந்தது 48 மணி நேரம். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்.

ஓய்வு நேரத்துல எழுந்து தண்ணி குடிக்கப் போனா, வேற யாராவது மெஷின்ல உட்கார்ந்துடறாங்க!

பாட்டிலைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள், எழுந்திருக்காதீர்கள்.