மலிவு விலை விமானத்தில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இருக்கைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, பெட்டி, சாப்பாடு, ஜன்னலோர இடம் எல்லாவற்றையும் தனியாக விற்பதுதான் மலிவு விலை விமானம். ஹட்டன் கடையில் சோத்துப் பார்சல் எடுத்தால் கறி, பருப்பு, பப்படம் எல்லாம் ஒரே விலை. பராட்டா எடுத்தால் முட்டைக்கறி தனிக்கணக்கு. அதே மாதிரிதான்.

அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பெரும்பாலும் ஒரே ரக விமானங்களை வைத்திருப்பார்கள். உதிரிப்பாகம், விமானிகளின் பயிற்சி எல்லாவற்றிலும் செலவு குறையும். இறங்கிய விமானம் சீக்கிரமே திரும்பக் கிளம்பிவிடும். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது. அதனால்தான் நேரத்திலும் எடையிலும் அவ்வளவு கறார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து சென்னைக்குப் போகும் இண்டிகோவிலும், கோலாலம்பூர் போகும் ஏர் ஏசியாவிலும் கைப்பைக்கு 7 கிலோதான். சொந்தக்காரர்களுக்குத் தேயிலை கொண்டுபோகாமல் நம்மாட்கள் கிளம்பமாட்டார்கள், சரி. ஆனால் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். பெட்டிக்கான கூடுதல் எடையை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கினால் மலிவு, விமான நிலையக் கவுண்டரில் வாங்கினால் கை சுடும். அப்புறம், அச்சாறு போத்தல் கைப்பையில் வேண்டாம். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவங்களைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எண்ணெயில் மிதக்கும் அச்சாறும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கவுண்டரைப் பொதுவாக விமானம் கிளம்ப 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் ஹட்டனில் இருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை அடைபடும். முதல் நாளே கீழே இறங்கிவிடுவது நல்லது.

விலை குறைவு என்றால் பாதுகாப்பும் குறைவு என்று பலர் பயப்படுகிறார்கள். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் ஓட்டும் ஏர்பஸ் ஏ320 ரக விமானங்களைத்தான் இவர்களும் ஓட்டுகிறார்கள், பாதுகாப்பு விதிகளில் மலிவு நிறுவனம் என்று எந்தச் சலுகையும் கிடையாது.